ஏறிட்டுக் கூப்புடுறேன்

இந்தப் பையை மேலே வைக்க வேண்டாம் அக்கா, மடியிலேயே இருக்கட்டும். கனம் ஒன்றும் இல்லை, ஒரு புடவைதான். நீங்கள் நன்றாக உள்ளே தள்ளி உட்காருங்கள். இந்த ஜன்னல் கண்ணாடி தானாகவே இறங்கும், நான் பிடித்துக்கொள்கிறேன்.

நீங்களும் அந்தப் படத்திலிருந்துதானே வருகிறீர்கள்? தியேட்டரில் எனக்கு முன் வரிசையில் இருந்தீர்கள். தப்பாக நினைக்காதீர்கள், உங்களையே பார்த்துக்கொண்டெல்லாம் இருக்கவில்லை. கடைசியில் மந்திரி விழா மேடையில் அந்த அம்மா மைக்கைப் பிடுங்கி, செல்போனை அதில் வைத்து, செத்துப்போன புருஷன் குரலை ஊருக்கே போட்டுக் காட்டுவார்கள் இல்லையா, எல்லோரும் விசில் அடித்தார்கள். நீங்கள் மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதீர்கள். அதனால்தான் இங்கே வந்து உட்கார்ந்தேன். பஸ்ஸில் வேறு இடமும் இருந்தது.

எனக்கு இது மூன்றாவது தடவை.

நன்றாகத்தான் எடுத்திருக்கிறார்கள், குறை சொல்லக் கூடாது. ஆனால் அஞ்சலாட்சி அக்கா அப்படிக் கத்த மாட்டார். யார் சட்டையையும் பிடிக்க மாட்டார். கோபம் வந்தால் கையிலிருக்கும் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து உள்ளே போய்விடுவார். அவ்வளவுதான் அவர் கோபம்.

ஆமாம் அக்கா, நிஜக் கதைதான். போஸ்டரில் உண்மைச் சம்பவம் என்று போட்டிருக்கிறார்களே. படத்தில் அவருக்கு வேறு பெயர். எனக்கு அவரை நேரிலேயே தெரியும். நன்றாகத் தெரியும். அவருக்குக் கோடி போட்டதே நான்தான்.

ஒரு நிமிஷம். அண்ணே, நொச்சிமேடு ஒண்ணு.

அவர் ஊர் அதுதான். கெமிக்கல் கம்பெனி அங்கிருந்து கூப்பிடு தூரம். கம்பெனி பெயர் வேண்டாம், படத்திலும் மாற்றித்தான் வைத்திருக்கிறார்கள். நான் அதில்தான் வேலை பார்க்கிறேன். இப்போதும்தான். தியேட்டருக்குள் போகும்போது மட்டும் இந்த அடையாள அட்டையைத் துப்பட்டாவுக்குள் விட்டுக்கொள்வேன். பயம் என்று இல்லை. எதற்கு வீண் பேச்சு.

ஊர் மக்களோடு பழகுகிற பிரிவில் வேலை. பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சு வாங்கித் தருவது, கண் பரிசோதனை முகாம் நடத்துவது, ஊரில் யாருக்காவது ஒன்று என்றால் போய்ப் பார்ப்பது. எங்கள் அப்பா செங்கல் சூளையில் கல் அறுத்தவர். எங்கள் வம்சத்தில் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போன முதல் ஆள் நான். வேலையில் சேர்ந்த அன்று அப்பா அந்த அட்டையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வாங்குற கூலிக்கு வஞ்சனை பண்ணாதே எழிலு" என்றார். எழிலரசி என் பெயர். இன்றுவரை வஞ்சனை பண்ணியதில்லை. இல்லாததைச் சொன்னதில்லை, இருப்பதை மறைத்ததில்லை. அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்லவேண்டும்.

படத்தில் ஒரு மொட்டைத் தலை ஆள் வருகிறான், பார்த்தீர்களா? கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு சாவு வீட்டுக்குள் வந்து சூட்கேஸை நீட்டுகிறான். அப்படி யாரும் வரவில்லை அக்கா. நான்தான் போனேன். டிபன் கேரியரில் சாம்பார் சாதம் எடுத்துக்கொண்டு போனேன்.

கொளஞ்சி அண்ணன், அதாவது அஞ்சலாட்சி அக்காவின் வீட்டுக்காரர், கழிவுத் தொட்டி சுத்தம் பண்ண இறங்கினார். விஷவாயு. மேலே தூக்கும்போதே உயிர் இல்லை. பக்கத்தில் நின்றவர் பாவாடை அண்ணன், அவரும் ஒப்பந்தத் தொழிலாளிதான். இறங்கச் சொல்லித்தான் இறங்கினான் என்று அவர் அன்றைக்கே சொன்னார். கம்பெனியில் வேறு மாதிரி சொன்னார்கள். குடித்திருந்தார், யாரும் சொல்லாமல் தானாகவே இறங்கிவிட்டார் என்றார்கள். எது உண்மை என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் அங்கே இல்லை. நான் அவரை உயிரோடு பார்த்ததே இல்லை.

அஞ்சலாட்சி அக்கா யாரையும் ஜெயிலில் போடச் சொல்லவில்லை. படத்தில்தான் அதெல்லாம். அவர் கேட்டது ஒன்றுதான். "குடிச்சிட்டு வுழுந்தான்னு சொல்லாதீங்க. நாங்க சொல்லித்தான் எறங்குனான்னு ஒரு வார்த்த சொல்லுங்க, அது போதும்." கல்யாணமான நாளிலிருந்து அந்த மனுஷன் ஒரு சொட்டுத் தொட்டதில்லையாம். தொட மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் அவரோடு வீட்டை விட்டு வந்தாராம்.

எங்கள் மேலாளர் மோகன்தாஸ் சார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. என்னைக் கூப்பிட்டு, "எழில், நீ அந்த வீட்ல போயி எதுவும் பேச வேண்டாம். சும்மா பக்கத்துல உக்காரும்மா. அந்த மாதிரி நேரத்துல ஒரு ஆளு பக்கத்துல உக்காந்தாலே பெரிய ஆறுதல்" என்றார். சரியாகத்தானே சொன்னார்? நானும் தினமும் போய் உட்கார்ந்தேன். சாவு வீட்டில் அடுப்பு எரியாது, அக்கம்பக்கத்தார்தான் சோறு கொண்டுவர வேண்டும். அவர்களுடையது காதல் கல்யாணம் என்பதால் அங்கே வந்து நிற்க ஆளே இல்லை. கொளஞ்சி அண்ணன் வழியில் காது கேட்காத ஒரு பெரியப்பா மட்டும். அதனால் நான் கொண்டுபோவேன். முதல் இரண்டு நாள் அக்கா தொடவில்லை. மூன்றாம் நாள், "நீ சாப்ட்டியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்பறம் யாருக்கு இவ்ளோ கொண்டாந்த? ஒக்காரு" என்று எனக்குத் தட்டு வைத்தார். புருஷனைப் பறிகொடுத்தவர் எனக்குப் பரிமாறினார் அக்கா. அப்படி ஒரு மனசு.

எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட வேண்டும். போட்டோ இல்லை என்றால் போகாத மாதிரி. அங்கும் எடுத்தேன். அவரைக் கேட்டுத்தான் எடுப்பேன். "இதுகூடவா போட்டோ புடிக்கணும், சாம்பார் சோத்த?" என்பார். ஒரு தடவை சிரித்தார்கூட.

காரியத்துக்கு இரண்டு நாள் முன்னால் இருக்கும். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமலே சொன்னார். "எல்லாத்துக்கும் பொறந்த வூட்லேர்ந்து கோடி வரும். எனக்குப் போட நாதியில்ல எழிலு. வெறுந்தோளா ஒக்காரணும் சபையில."

உங்களுக்குத் தெரியும், கோடி என்பது வெறும் புடவை இல்லை. தாலி இறங்குகிற அன்று பிறந்த வீட்டார் வந்து ஒரு புதுப் புடவையைத் தோளில் போட்டால், நீ தனியாக இல்லை, உனக்குக் கேட்க ஆள் இருக்கிறது என்று அர்த்தம். கூடப்பிறந்த அண்ணன் பக்கத்து ஊரில்தான் இருந்தார். வரமாட்டார் என்று தெரிந்துவிட்டது. எனக்கு மனசு தாங்கவில்லை. "நான் போடுறேங்க்கா. தங்கச்சி போடக்கூடாதா?" என்றேன். அவர் கையில் புளியும் சாம்பலுமாக என்னையே பார்த்தார். பிறகு முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போடலாம்" என்றார்.

இதை மோகன்தாஸ் சாரிடம் சொன்னேன். சொல்லாமல் செய்வது எனக்கு வராது. அவர், "ரொம்ப நல்ல காரியம்மா. நம்ம வண்டியிலேயே போ" என்றார். புடவை என் சம்பளத்தில் வாங்கியது அக்கா. இதை எல்லோரிடமும் சொல்லிவிடுகிறேன். கம்பெனி கொடுப்பதாகச் சொன்னார்கள், வேண்டாம் என்றுவிட்டேன். சந்தன நிறம், அரக்கு பார்டர். பாண்டிச்சேரியில் பெரிய கடையில் எடுத்தது.

வண்டியில் போனேன். கம்பெனி வண்டி, பக்கவாட்டில் பெயர் எழுதியிருக்கும். சபையில் அக்கா தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். நான் குனிந்து தோளில் புடவையைப் போர்த்தினேன். என் அட்டை கழுத்திலிருந்து தொங்கி முன்னால் இருந்த விளக்கின் மேல் போய்விட்டது. அந்த நேரத்திலும் அவர்தான் கவனித்தார். கையை நீட்டி அட்டையை எடுத்து என் முதுகுப்பக்கம் போட்டு, "தீய்ஞ்சிடப்போவுது, பாத்து" என்றார். எவ்வளவு மெதுவாகச் சொன்னார் தெரியுமா. எனக்கு அழுகை வந்துவிட்டது.

டிரைவர் அண்ணனிடம் போனைக் கொடுத்திருந்தேன், போட்டோவுக்கு. அட்டை தொங்கும்போதே அவர் எடுத்துவிட்டார். ஒரு நொடி கழித்து எடுத்திருக்கலாம். கழற்றி வைத்துவிட்டுப் போயிருக்கலாம் என்று பிறகு சிலர் சொன்னார்கள். ஏன் கழற்ற வேண்டும்? நான் எங்கே போனாலும் அட்டையோடுதான் போவேன்.

அந்த நாளிலிருந்து எழிலு என்று கூப்பிடுவதை விட்டுவிட்டுத் தங்கச்சி என்று கூப்பிட ஆரம்பித்தார்.

அதற்குப் பிறகுதான் எனக்கு அந்தக் குரலைக் கேட்கக் கொடுத்தார்.

அவருடைய செல்போனில் யார் பேசினாலும் தானாகவே பதிவாகிவிடும். அப்படி ஒரு ஏற்பாடு அதில் இருந்ததே அவருக்குத் தெரியாது. கொளஞ்சி அண்ணன் போன பிறகு எதையோ அழுத்தும்போது தற்செயலாக வந்திருக்கிறது. அன்றைக்குத் தொட்டியில் இறங்குவதற்கு முன்னால் அண்ணன் பேசியது. சாவுச் செய்தி வந்தபோது போன் கீழே விழுந்து கண்ணாடி சிலந்திவலை மாதிரி விரிசல் விட்டிருந்தது. ஓரம் கையைக் கிழிக்கும். அதைத் துணியில் சுற்றி வைத்திருப்பார். சாயங்காலம், அண்ணன் வேலை முடிந்து வருகிற நேரத்துக்குத் துணியைப் பிரிப்பார். சத்தம் குறைவாக இருக்கும், அதனால் காதோடு ஒட்டிவைத்துக் கேட்பார். கேட்டு முடித்து என் காதில் வைப்பார். அவர் கேட்டதை நானும் கேட்டேனா என்று என் முகத்தைப் பார்ப்பார்.

"அஞ்சல, தொட்டிக்குள்ள எறங்கச் சொல்றாங்க. மாஸ்க்கு ஸ்டோர்ல இல்லியாம். மேஸ்திரி பக்கத்துல நிக்கிறாரு, பேச முடியாது. ஏறிட்டுக் கூப்புடுறேன்."

பிறகு கொஞ்சம் இடைவெளி. காற்று சத்தம். பிறகு, "அந்த அடக்கோழியப் புடிச்சு அடைச்சிட்டியா?"

அக்கா குரல்: "அடைச்சாச்சு. நீ பாத்து எறங்கு."

அவ்வளவுதான். தினமும் அதைக் கேட்டுவிட்டுத்தான் எழுந்து விளக்கேற்றுவார். "சாவப் பத்தி அதிகாரி நடத்துற விசாரணைல இதப் போட்டுக் காட்டுவேன் தங்கச்சி. போட்டுக் காட்டிட்டு ஒரு வார்த்த பேச மாட்டேன். அவரே பேசிக்குவாரு" என்பார். படத்தில் மந்திரி மேடையில் நடப்பதாகக் காட்டுகிறார்களே, அது இந்தப் பேச்சிலிருந்து வந்ததுதான்.

அதற்குள் அந்த போன் தொட்டால் வேலை செய்யாமல் போக ஆரம்பித்தது. ஒரு நாள் சாயங்காலம் எவ்வளவு தடவியும் திறக்கவில்லை. அக்கா அதை மடியில் வைத்துக்கொண்டு தடவிக்கொண்டே இருந்தார். விளக்கேற்றவில்லை, இருட்டிலேயே உட்கார்ந்திருந்தார். மறுநாள் எப்படியோ திறந்துவிட்டது. ஆனால் பயம் பிடித்துவிட்டது அவருக்கு. "செத்துடுமா இது?" என்று கேட்டார். போனைத்தான் கேட்டார்.

நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவள் அக்கா. அந்தப் பதிவை என் போனுக்கு மாற்றி வைத்துக்கொள்ள ஒரு நிமிஷம் போதும். நினைத்தேன். ஆனால் அது புருஷனும் பொண்டாட்டியும் பேசிக்கொண்டது. வாய்விட்டுக் கேட்காமல் எடுப்பது தப்பு. கேட்கவும் கூச்சமாக இருந்தது. அப்படிப்பட்ட விஷயங்களில் நான் ரொம்ப ஜாக்கிரதை.

அந்த வாரம் மோகன்தாஸ் சார் "எப்படிம்மா இருக்காங்க?" என்று கேட்டார். சொன்னேன். சாப்பிடுகிறார், தூங்குவதில்லை, போனில் அவர் குரல் இருக்கிறது, அதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார், போன் ரிப்பேர். இதில் எது பொய்? அவர் உச்சுக்கொட்டினார். "ஐயோ பாவம். கடைல குடுத்தா ஏமாத்திடுவாங்க. நம்ம ஆபீஸ் பசங்க பாத்துத் தருவாங்க, வாங்கிட்டு வாம்மா" என்றார்.

அக்கா யாரிடமும் கொடுத்திருக்க மாட்டார். பாவாடை அண்ணன் கேட்டே கொடுக்கவில்லையாம். நான் கேட்டதும் துணியோடு கொடுத்தார். "தங்கச்சி கையில குடுத்தா எங்கிட்ட இருக்குற மாதிரி" என்றார்.

புதுசு மாதிரி வந்தது. கண்ணாடி பளபளவென்று, முகம் பார்க்கலாம். உள்ளே ஒன்றும் இல்லை. கடையில் பெட்டியைப் பிரித்து எடுத்த மாதிரி. ஆபீஸ் பையனைக் கேட்டேன். "சாஃப்ட்வேர் மாத்தும்போது போயிடும்க்கா, முன்னாடியே சொல்லியிருந்தா எடுத்து வச்சிருப்பேன்" என்றான். அப்படி நடப்பது உண்டுதான். என் சித்தி பையன் போனிலேயே நடந்திருக்கிறது.

அக்கா போனை வாங்கி ரொம்ப நேரம் தேடினார். பிறகு என்னிடம் நீட்டினார். "எங்க தங்கச்சி? நீ படிச்சவ, தேடிக் குடு."

நானும் தேடினேன். இல்லை என்று தெரிந்துகொண்டேதான் தேடினேன். எழுந்து போகவும் முடியவில்லை. சாயங்காலம் ஆகிவிட்டது, அண்ணன் வருகிற நேரம். அக்கா பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து, வழக்கம் போலக் காதை என் பக்கமாகச் சாய்த்து வைத்துக்கொண்டிருந்தார். நான் விரலால் தள்ளிக்கொண்டே இருந்தேன். அவர் காத்துக்கொண்டே இருந்தார். கோழி ஒன்று வந்து வாசலில் நின்றது. அதை யாரும் அடைக்கவில்லை.

திட்டவில்லை அக்கா. பக்கத்தில் இருந்த சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனார்.

இதற்கு நடுவில்தான் கம்பெனியின் இரண்டாவது யூனிட்டைத் திறக்க மந்திரி வந்தார். ரோடு முழுக்க பிளக்ஸ். மந்திரி படம் பெரிதாக, முதலாளி படம் கொஞ்சம் சின்னதாக, மூலையில் வட்டத்துக்குள் நான் கோடி போடுகிற படம். அட்டையில் இருந்த கம்பெனி பெயர் மட்டும் பஸ்ஸில் போகிறவர்களுக்கும் தெரிகிற மாதிரி இருந்தது. 'நாங்கள் ஒரே குடும்பம்' என்று கீழே எழுதியிருந்தார்கள். என்னைக் கேட்டுப் போடவில்லை. கேட்டிருந்தால் யோசித்திருப்பேன்.

பாவாடை அண்ணன் அந்த பிளக்ஸுக்குக் கீழே நின்று பார்த்திருக்கிறார். "கோடியே கம்பெனி வூட்லேர்ந்து வந்துடுச்சு. அவளே பொறந்த வூடா ஏத்துக்கிட்டா. இனிமே நான் போயி சாட்சி சொன்னா ஊரு எம் மூஞ்சில சிரிக்கும்" என்று டீக்கடையில் சொன்னாராம். விசாரணைக்கு அவர் வரவில்லை. தொட்டியடியில் நின்ற மற்ற இரண்டு பேரும் வரவில்லை.

அதனால் சாட்சி என்று அஞ்சலாட்சி அக்கா சொன்னது என்னை மட்டும்தான். "எந் தங்கச்சி கேட்டிருக்குது, அது பொய் பேசாது" என்று அதிகாரியிடம் சொல்லியிருக்கிறார். அவர் அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். இந்தப் புடவையைத்தான்.

கம்பெனி வக்கீல் ரொம்ப மரியாதையாகப் பேசினார். என்ன கேட்டார் என்று அப்படியே சொல்கிறேன். "நீங்க ஒரு குரலைக் கேட்டீங்களா?" கேட்டேன் என்றேன். மறைக்கவில்லை. மோகன்தாஸ் சார் எதிரில் உட்கார்ந்திருந்தார், அப்போதும் சொன்னேன். "என்ன பேசுச்சு?" அதையும் சொன்னேன். அக்கா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு வக்கீல், "அது கொளஞ்சிநாதன் குரல்தான்னு உங்களால உறுதியாச் சொல்ல முடியுமா?" என்று கேட்டார்.

உறுதியாக என்றால் என்ன அர்த்தம் அக்கா? அந்த மனுஷர் பேசி நான் நேரில் கேட்டதில்லை. சத்தியம் பண்ணிவிட்டு நிற்கிறேன். தெரியாததைத் தெரியும் என்று எப்படிச் சொல்வது?

"நான் அவரை உயிரோட பார்த்ததில்ல சார்" என்றேன்.

"அப்ப சொல்ல முடியாது."

"முடியாது சார்."

அக்கா தலையாட்டுவது அப்போதுதான் நின்றது. என்னைப் பார்க்கவில்லை. தோளில் கிடந்த முந்தானையை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

குடிபோதையில் அனுமதியின்றி இறங்கியதால் ஏற்பட்ட விபத்து என்று முடித்துவிட்டார்கள். எனக்கும் வருத்தம்தான். அந்த வருஷம் எனக்குப் பதவி உயர்வு வந்தது, பாண்டிச்சேரி ஆபீசுக்கு மாற்றினார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, அது வழக்கமாக வருவதுதான். கிளம்புகிற அன்று என் மேஜை மேல் இந்தப் பை இருந்தது. யார் வைத்தது என்று காவலாளிக்குத் தெரியவில்லை. துவைத்து, காயவைத்து, கடையில் மடித்தது மாதிரியே மடித்திருந்தார்.

கோடியைத் திருப்பிக் கொடுப்பார்களா அக்கா? எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? எனக்கு அதுதான் ஆறவில்லை. நான் அவரிடம் ஒரு பொய் சொல்லியிருந்தால், அவருக்கு எதிராக ஒரு வார்த்தை இல்லாததைச் சொல்லியிருந்தால், சரி என்று விட்டுவிடுவேன். இதை என்ன செய்வது? கட்ட முடியாது, இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. வீட்டில் வைத்தால் அம்மா பதறுகிறார், கல்யாணமாகாத பெண் இருக்கிற வீட்டில் சாவுக் கோடியா என்று. பையோடு என்னோடேயே இருக்கிறது.

பிறகுதான் யாரோ பத்திரிகைக்காரர் எழுதி, படக்காரர்கள் வந்து, அக்கா அவர்களிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். முதல் தடவை படம் பார்க்கும்போது ஒவ்வொரு காட்சியிலும் என்னைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். நான் எந்த இடத்தில் வருவேன், என்னை யார் மாதிரி காட்டியிருப்பார்கள் என்று. நான் வரவே இல்லை. டிபன் கேரியர் இல்லை, கோடி இல்லை, தங்கச்சி இல்லை. போன் உடையவே இல்லை. மந்திரியைக் கைது செய்கிறார்கள். நிஜத்தில் அவருக்கு இலாகாதான் மாறியது. கெட்டது செய்திருந்தால் என்னைக் காட்டியிருப்பார்கள் இல்லையா? காட்டவில்லை என்றால் அக்கா மனதில் என் மேல் ஒன்றும் இல்லை என்றுதானே அர்த்தம்? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? இல்லை, சொல்ல வேண்டாம். பரவாயில்லை.

ஆனால் படத்தில் ஒரு தப்பு இருக்கிறது. அது யாருக்கும் தெரியாது. அந்த மேடையில் போனிலிருந்து வருகிற குரல். வார்த்தையெல்லாம் சரி, கோழிவரைக்கும் சரி. அக்கா ஒரு சொல் விடாமல் சொல்லியிருக்கிறார். குரல்தான் சரியில்லை. அது கொளஞ்சி அண்ணன் குரல் கிடையாது. அந்த நடிகருக்குக் கட்டையான குரல், நெஞ்சிலிருந்து வருகிறது. அண்ணனுக்கு மூக்கில் வரும், சளி பிடித்தவர் பேசுகிற மாதிரி. 'ஏறிட்டு' என்பதற்கு முன்னால் ஒரு சின்ன மூச்சு இழுப்பார். 'கூப்புடுறேன்' என்பதில் பாதியை முழுங்கிவிடுவார். கோழியைப் பற்றிக் கேட்கும்போது சிரிப்பு வருகிறது அவருக்கு, ஆனால் அடக்கிக்கொள்கிறார், மேஸ்திரி நிற்கிறார் இல்லையா. அந்த இடம் வரும்போது நான் கண்ணை மூடிக்கொள்வேன். தியேட்டர் முழுக்க விசில் சத்தம் இருந்தாலும் எனக்கு அவருடையதுதான் கேட்கிறது. தூங்கப்போகும்போதும் கேட்கிறது. ஆயிரம் பேரைப் பேசவிட்டாலும் அந்தக் குரலை நான் கண்டுபிடித்துவிடுவேன்.

என்ன கேட்டீர்கள்?

இல்லை அக்கா, விசாரணையில் அப்படிக் கேட்கவில்லையே. உறுதியாகச் சொல்ல முடியுமா என்றுதான் கேட்டார்கள். அது வேறு, இது வேறு.

டைரக்டர் ஒரு பேட்டியில் சொன்னார். நிறையப் பேரைப் பேசவைத்து, ஒவ்வொரு குரலாக அஞ்சலாட்சி அக்காவிடம் போட்டுக் காட்டினார்களாம். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே வந்து இந்தக் குரல் வந்ததும், "இதுதான், இதுதான் அவரு" என்று அழுதுவிட்டாராம். இதையே ஒரு போனில் போட்டுக் கொடுத்திருக்கிறார்களாம், தினமும் சாயங்காலம் கேட்கிறாராம்.

மறந்துவிட்டது அக்கா அவருக்கு. வேறு யாருடையதோ குரலைக் கேட்டுவிட்டு விளக்கேற்றிக்கொண்டிருக்கிறார். அண்ணன் குரல் இப்போது என் ஒருத்தியிடம்தான் இருக்கிறது.

அதைச் சொல்லிவிட்டு, புடவையையும் கொடுத்துவிட்டு வரலாம் என்றுதான் ஒவ்வொரு தடவையும் படம் முடிந்ததும் இந்த பஸ்ஸில் ஏறி நொச்சிமேட்டுக்கு டிக்கெட் எடுக்கிறேன். அதோ, அந்தக் கம்பெனிப் புகைக்கூண்டு தெரிகிறதே, அதைத் தாண்டினால் ஸ்டாப். மூன்றாவது வீடு. இந்நேரம் வாசல் தெளித்திருப்பார். உள்ளே கூப்பிடாவிட்டாலும் பரவாயில்லை, வாசலில் நின்றே, "அது அண்ணன் கொரல் இல்லக்கா" என்று சொல்லிவிடலாம்.

சொன்னால் என்னைப் பார்ப்பார். ஒனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்.

இல்லண்ணே, எறங்கல. விசில் குடுங்க. அடுத்த ஸ்டாப்புக்கு டிக்கெட் எடுத்துக்குறேன்.